வேலையைக் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதை வைத்து நாலு காசு சம்பாதிக்க முடியுமா?" முடியும். சுங்குடிச் சேலை, வெள்ளிக் கொலுசு, பொடி வகைகள், பழைய புத்தகங்கள் என்று வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்பவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்.

கடை தொடங்கிய சில வாரங்களிலேயே ஓர் உண்மை தெரிந்துவிடும். வேலையோ பல, ஆளோ ஒருவர். இணைய தளத்தை வடிவமைக்க வேண்டும். பொருளைப் படம் எடுக்க வேண்டும். விவரம் எழுத வேண்டும். ஆர்டர் வந்தால் பேக் செய்து கூரியரில் அனுப்ப வேண்டும். கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். விளம்பரம் கொடுக்க வேண்டும். இரவு 11 மணிக்கு "துவைத்தால் சாயம் போகுமா?" என்று கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இவற்றில் எதை நாமே செய்வது? எதை வெளி ஆளிடம் கொடுத்துச் செய்து வாங்குவது? இப்படி வெளியில் கொடுப்பதைத்தான் அவுட்சோர்சிங் என்கிறார்கள்.

வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு. உங்கள் ஒரு மணி நேரத்திற்கு ஒரு விலை போடுங்கள். அதைவிடக் குறைந்த செலவில் முடிகிற வேலையை எல்லாம் வெளியில் தள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், புதிதாகக் கடை தொடங்கியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து. வேலைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை மட்டுமே இது சொல்கிறது. வேலை செய்தவர் விலகிப் போனால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்வதில்லை.

நான் 3 கேள்விகளைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, இவர் நாளைக்கு வரவில்லை என்றால் என் கடை திறக்குமா? இரண்டு, இந்த வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியுமா? மூன்று, என் வாடிக்கையாளரைப் பற்றி இந்த வேலை எனக்கு எதையாவது கற்றுக்கொடுக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இவர் வரவில்லை என்றால் கடை திறக்குமா?

பஜாரில் இருக்கும் கடைக்கு ஷட்டர் உண்டு, பூட்டு உண்டு, சாவி உண்டு. இணையக் கடைக்கு இவை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் சாவியே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒன்றுக்குப் பதில் ஏழெட்டு சாவிகள் இருக்கின்றன. டொமைன் நேம் வாங்கிய கணக்கு, தளம் இருக்கும் சர்வரின் கணக்கு, முக்கிய இமெயில், வாட்ஸ்அப்பில் பதிவான மொபைல் எண், பணம் வந்து சேரும் பேமென்ட் கேட்வே கணக்கு, ஜி.எஸ்.டி. லாகின், சமூகத் தளப் பக்கங்கள் ஆகியவைதான் அந்தச் சாவிகள். இவற்றின் பாஸ்வேர்டும், பாஸ்வேர்டை மாற்ற வரும் ஓ.டி.பி.யும் யாரிடம் போகிறதோ, நடைமுறையில் கடை அவருடையதுதான்.

முதலில் டொமைன் நேமை எடுத்துக்கொள்வோம். உங்கள் தளத்தின் முகவரிப் பெயர் இது. இதை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. ஓராண்டு, ஈராண்டு என்று பதிவு செய்து, அவ்வப்போது கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களுக்கான விதிகளை ஐகான் என்ற அமைப்பு வகுக்கிறது. அந்த விதிகளின்படி, பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனம் காலாவதி ஆவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், சுமார் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். காலாவதி ஆன 5 நாட்களுக்குள் இன்னொரு முறையும் தெரிவிக்க வேண்டும். பெயர் நீக்கப்பட்ட பிறகுகூட 30 நாட்கள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்க வழி இருக்கிறது.

பாதுகாப்பு பலமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாருடைய இமெயிலுக்குப் போகும்? பதிவு செய்தபோது கொடுத்த இமெயிலுக்கு. சேலத்தில் கொலுசு விற்கும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். தளத்தை உருவாக்கித் தந்த இளைஞர், டொமைனைத் தன் கணக்கிலேயே பதிவு செய்துவிட்டார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. அப்போது அது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் அவர் வேறு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். பழைய இமெயிலைத் திறந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். நினைவூட்டல்கள் ஒழுங்காக வந்தன. படிக்கத்தான் ஆள் இல்லை. ஒருநாள் அந்தப் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அட்டைப் பெட்டியிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி அது. கொலுசு அப்படியே இருந்தது, கடை தொலைந்துவிட்டது.

ஆகவே தளத்தை வடிவமைக்கும் வேலையைத் தாராளமாக வெளியில் கொடுங்கள். டொமைனை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், நீங்களே பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். ஏற்கெனவே வேறொருவர் பதிவு செய்திருந்தால், உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் ஒரு ரகசியக் குறியீடு தேவைப்படும். கணக்கு வைத்திருப்பவர் கேட்டால் 5 நாட்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகான் விதி. உறவு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது. மனக்கசப்பு வந்த பிறகு கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு வரும்.

ஓ.டி.பி. யாருடைய மொபைலுக்கு?

அடுத்து ஜி.எஸ்.டி. கணக்கு வேலையை ஆடிட்டரிடமோ வரி ஆலோசகரிடமோ கொடுப்பதில் தவறே இல்லை. கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். 3பி படிவத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம் ஏறும். வரி எதுவும் கட்ட வேண்டியிராத படிவமானாலும் நாளொன்றுக்கு ரூ.20 உண்டு. சேலை விற்பவர் இந்தத் தேதிகளைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் பதிவு செய்யும்போது இமெயில், மொபைல் எண் கேட்கும் இடத்தில் யாருடையதைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, பல வியாபாரிகளுக்காகப் பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர்கள் தங்கள் சொந்த இமெயிலையும் எண்ணையும் போட்டுவிட்டார்கள். பிறகு யூசர் நேம், பாஸ்வேர்டைக் கொடுக்க மறுத்தார்கள். புகார்கள் குவிந்ததால் 2018 ஜூலையில் மத்திய நிதி அமைச்சகமே ஒரு வழிமுறையை அறிவித்தது. வியாபாரி உரிய ஆவணங்களுடன் தன் பகுதி வரி அதிகாரியிடம் நேரில் போய், இமெயிலையும் எண்ணையும் மாற்றிக்கொள்ளலாம் என்றது.

அரசாங்கமே தலையிட்டுத் தீர்க்க வேண்டிய அளவுக்குப் பரவலாக இருந்த பிரச்னை இது. இதைத் தவிர்க்க உங்களுக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி. வரும்போது ஆலோசகரிடம் போனில் சொன்னால் போதும். மாதத்திற்கு ஒரு போன் கால் கூடுதலாக ஆகும். அந்த ஒரு போன் காலில், இந்த மாதம் எவ்வளவு விற்றது, எவ்வளவு வரி போகிறது என்பதும் உங்கள் காதில் விழும்.

சாவி இல்லாமல் வேலை வாங்குவது எப்படி?

"பாஸ்வேர்ட் கொடுக்காமல் அவர் எப்படி வேலை செய்வார்?" என்று புதியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கான வசதி எல்லா முக்கிய சேவைகளிலும் இருக்கிறது. நாம்தான் பயன்படுத்துவதில்லை.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது என்றால், அதில் பல நிலைகளில் யூசர்களை உருவாக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் எல்லாவற்றையும் மாற்றலாம். எடிட்டர் பக்கங்களை மட்டும் திருத்தலாம். கடைக்கான வூகாமர்ஸ் இணைப்பை நிறுவியிருந்தால் 'ஷாப் மேனேஜர்' என்ற நிலையும் வரும். பொருட்களைப் பதிவேற்ற வருபவருக்கு அது போதும். அதேபோல் ஃபேஸ்புக் பக்கத்தில் உங்கள் பாஸ்வேர்டைச் சொல்லாமலேயே இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். கூகுள் மேப்பில் தெரியும் உங்கள் கடைப் பக்கத்திற்கு 'ஓனர்', 'மேனேஜர்' என்று தனித்தனி நிலைகள் உண்டு. வேலை செய்பவரை மேனேஜராகச் சேருங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் போன் தவிர 4 சாதனங்கள் வரை இணைக்கலாம். பதில் எழுத ஒருவரை வைத்தால் அவருடைய கம்ப்யூட்டரை இணைத்துக் கொடுங்கள். சிம் கார்டு உங்கள் பெயரில், உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

வாடிக்கையாளர் பட்டியல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெயர், முகவரி, போன் எண் கொண்ட எக்ஸெல் ஃபைலை மொத்தமாக இமெயிலில் அனுப்பிவிடுவது பலருக்கு வழக்கமாக இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகர்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. உங்களுக்காக வேறொருவர் அந்த விவரங்களைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதே என்கிறது இந்தச் சட்டம். இன்று அனுப்ப வேண்டிய 10 பார்சல் என்றால் 10 முகவரியை மட்டும் கொடுங்கள்.

காசு கொடுத்தால் நமக்குச் சொந்தமா?

ஒரு லோகோ வரைய ஆள் வைக்கிறீர்கள். பணமும் கொடுத்துவிட்டீர்கள். லோகோ யாருக்குச் சொந்தம்? "காசு கொடுத்தவருக்கு" என்பீர்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொதுவாக, படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தால் உரிமை முதலாளிக்கு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. ஆனால் வெளி ஆள் வரைந்த லோகோ, எழுதிய விளக்கம், உருவாக்கிய புரோகிராம் ஆகியவற்றின் உரிமை, அவர் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். அந்தக் கடிதத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எனவே வேலையைக் கொடுக்கும்போதே ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே முடிந்த ஜேபெக் படத்தை மட்டும் வாங்காமல், பின்னால் திருத்துவதற்கு வசதியான மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

சரியாகச் செய்தாரா என்று தெரியுமா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு வேலையை ஒருமுறையாவது நீங்களே செய்து பார்க்காமல் வெளியில் கொடுத்தால், செய்தவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். பேக்கிங் வேலையைப் பாருங்கள். ஒரு சேலை அரை கிலோவுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். அதை 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள பெட்டியில் வைத்தால் கூரியர் கட்டணம் எதற்கு? பல கூரியர் நிறுவனங்கள் மூன்று அளவுகளையும் பெருக்கி 5000ஆல் வகுத்து ஓர் எடையைக் கணக்கிடுகின்றன. இங்கே அது 2.4 கிலோ. உண்மை எடை, கணக்கிட்ட எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். அதே சேலையை 30, 25, 4 செ.மீ. அளவுள்ள கவரில் மடித்து வைத்தால் 0.6 கிலோதான்.

முதல் ஐம்பது பார்சலை நீங்களே கட்டியிருந்தால் இது கூரியர் பில்லிலேயே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு, பேக்கிங்கைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுங்கள். எந்தக் கவர், எத்தனை மடிப்பு என்று நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். விளம்பரம், படம் எடுத்தல், விவரம் எழுதுதல் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கற்றுக்கொள்ளவே முயலாமல் வெளியில் கொடுத்துவிட வேண்டிய வேலை, கார்டு மூலம் பணம் பெறுவது. வாடிக்கையாளரின் கார்டு எண்ணை வியாபாரிகள் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கார்டு எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்கிக் குறித்து வைப்பதெல்லாம் கூடவே கூடாது. அனுமதி பெற்ற பேமென்ட் கேட்வேயிடம் விட்டுவிடுங்கள். அங்கேயும் கணக்கு உங்கள் பெயரிலும், பணம் சேரும் வங்கிக் கணக்கு உங்களுடையதாகவும் இருக்க வேண்டும். "என் கணக்கில் வாங்கி வாரா வாரம் தருகிறேன்" என்று எவ்வளவு நெருங்கியவர் சொன்னாலும் வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் பேசுவது யார்?

மூன்றாவது கேள்விதான் புதியவர்கள் அதிகம் கவனிக்காதது. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது சலிப்பான வேலை. அதனால் முதலில் வெளியில் தள்ளப்படுவதும் அதுதான். என்னைக் கேட்டால் கடைசியாகக் கொடுக்க வேண்டிய வேலை அது. "சாயம் போகுமா?" என்று ஒரே வாரத்தில் எட்டு பேர் கேட்டால், உங்கள் தளத்தில் அந்த விவரம் இல்லை என்று பொருள். "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் படம் எடுத்த விளக்கில் குறை. இடையில் ஓர் ஆள் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் இது தெரியும். உங்களுக்கு வருவது மாதக் கடைசியில் "200 கேள்விகளுக்குப் பதில் தந்தோம்" என்ற கணக்கு மட்டும்.

இப்போது ஆளுக்குப் பதில், தானாகவே பதில் எழுதும் சாட்பாட் மென்பொருளும் வந்துவிட்டது. இதுவும் அவுட்சோர்சிங்தான், எதிரே இருப்பது இயந்திரம், அவ்வளவே. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று ஏர் கனடா விமான நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் தளத்தில் இருந்த சாட்பாட், உறவினர் இறப்புக்காகச் செல்பவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. அந்த சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற வகையில் நிறுவனம் வாதாடியதைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை. உங்கள் கடையின் பெயரில் யார் பேசினாலும், எது பேசினாலும், அது நீங்கள் பேசியதாகத்தான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். பதில்களை எழுதித் தரும் வேலைக்கு உதவி வைத்துக்கொள்ளலாம். திருப்பி எடுப்பது, பணம் திரும்பத் தருவது, புகார் ஆகியவை உங்கள் பார்வைக்கு வராமல் போகக் கூடாது.

"முழு பேக்கேஜ்" பற்றி

"டொமைன், சர்வர், டிசைன், விளம்பரம், ஜி.எஸ்.டி. எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மாதம் இவ்வளவு கொடுங்கள்" என்று விளம்பரம் வருகிறது. நேரம் இல்லாதவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளையும் வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு கடை நடத்தும் பெண்களுக்கு, இது பெரிய நிம்மதியாகத் தோன்றும். அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேசவில்லை. இப்படிச் சேவை தருபவர்களில் நேர்மையானவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால், நேர்மையானவருக்கும் உடல்நிலை கெடும், வேலை மாறும், தொழில் நொடிக்கும். அப்போது ஏழெட்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்கினால் உங்கள் நிலை என்ன?

பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: "கணக்குகள் எல்லாம் என் இமெயிலில், என் மொபைல் எண்ணில் தொடங்க வேண்டும். உங்களுக்கு நான் அனுமதி தருகிறேன்." நேர்மையானவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுத்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு நல்ல தகவல் கிடைத்தது என்று வேறு ஆளைப் பாருங்கள்.

ஏற்கெனவே கடை நடத்துபவர்கள் இந்த வாரம் ஒரு நோட்டை எடுத்து, மேலே சொன்ன சாவிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், பதிவாகியிருக்கும் பெயர், இமெயில், மொபைல் எண், அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய தேதி என்று எழுதுங்கள். பாஸ்வேர்டுகளை அதே நோட்டில் எழுத வேண்டாம். வேறொருவர் எண் இருக்கும் இடங்களை வட்டமிட்டு, மாதத்திற்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வட்டம் டொமைனாக இருக்கட்டும்.